இடம் மாறிய ஐந்தாம் கட்டு

"ஐயையோ, அதுக்குள்ள திருப்பாதீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவன் கையிலிருந்த ஈ-ரீடரை இவ்வளவு நேரம் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்...

வெளியே நல்ல மழை. ஆறு பேர் நிற்க வேண்டிய பேருந்து நிறுத்தத்தில் இருபது பேர் ஒண்டியிருந்தார்கள். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் கேட்டுவிட்டது.

திரும்பினான். சிரிப்பதா வேண்டாமா என்று உதடு யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்கள் சிரித்து முடித்திருந்தன. அவ்வளவு அவசரக் கண்கள். வலது இமையில் ஒரு மழைத்துளி, இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, என் புத்தகத்தை நான் திருப்பக் கூடாதா?"

"இல்ல... கடைசி நாலு வரி பாக்கி இருந்துச்சு."

"யாருக்கு?"

"எனக்கு."

அவன் பழைய பக்கத்துக்குப் போய், திரையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். "படிங்க. முடிச்சதும் ஒரு குரல் குடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பஸ்ஸும் வரல, இந்தக் கதையும் புரியல."

காது மடல் சூடாக, அவள் படித்தாள். படிக்கவே தேவையில்லை. அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு காற்புள்ளியும் அவளுக்குத் தெரியும். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசம், ஆற்றங்கரைப் படகுத்துறை, அங்கே ஒரு கிழட்டு மாமா. அந்த நாவலை அவன் கையில் இருக்கும் ஃபைலாக மாற்றியதே அவள்தான்!

அவள் வேலை அதுதான். பழைய புத்தகங்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து, ஈ-ரீடரில் படிக்கும் மின்நூலாக மாற்றித் தரும் ஒரு சின்ன நிறுவனம். முன்னறையில் புத்தகம் வாங்கி வைக்கும் கவுண்ட்டர் அக்கா. உள்ளறையில் இரண்டு ஸ்கேனர், ஒரு மேசை, இவள். புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஸ்கேனருக்குக் கொடுப்பாள். படமாக வந்ததைக் கணினி எழுத்தாக்கும். அதை மூலத்தோடு வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்ப்பாள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே மாறிவிடும் என்பதால் பக்க எண்களை எடுத்துவிடுவாள். கடைசியில் எல்லாக் கட்டையும் சேர்த்து ஒரே ஃபைல். நான்கு வருடத்தில் அவள் செய்த ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'.

'இது நான் செஞ்சதுங்க' என்ற பெருமை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டு வைத்தாள்.

"ஏன் புரியல? நல்லாத்தானே போகுது?"

"எங்கங்க நல்லாப் போகுது? இந்த மாமா இருக்காரே, இவரை முந்தாநாளே புதைச்சாச்சு. மண்ணெல்லாம் உறைஞ்சு போய்க் குழி வெட்ட ரெண்டு நாள் ஆச்சு. நானே கண்ணு கலங்கிட்டேன். இப்ப என்னடான்னா மனுஷன் மகள் கல்யாணத்துல ஆடுறார். அந்த மகளுக்கு ஏற்கெனவே குழந்தை பிறந்து பல்லே முளைச்சாச்சு... சரி, வெளிநாட்டுல அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தலையைச் சாய்த்து. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அறுந்தது.

மாமா ஆடுவது நாலாவது கட்டு. மாமா சாவது ஐந்தாவது கட்டு.

அப்படியானால்...

"என்ன, குளிருதா?" என்றான் அவன்.

"இல்ல. நீங்க சொல்லுங்க."

"இது எனக்காக மாத்தினது இல்லைங்க, அப்பாவுக்காக. அம்மாவோட புத்தகம். இருந்த வரைக்கும் 'ஒரு தடவை படிங்களேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவர் படிக்கல. போனதுக்கு அப்புறம் எடுத்தார். எழுத்து பொடிசு, கண்ணு பிடிக்கல. அதான் ஓர் இடத்துல குடுத்து மாத்தி வாங்கினேன். பாதி வரைக்கும் சந்தோஷமாப் படிச்சுக்கிட்டிருந்தவர், நாலு நாளா தொடவே இல்ல. 'ஒண்ணும் மனசுல நிக்கலடா, வயசாயிடுச்சு'ங்கறார். மருந்துக்கடை வச்சிருக்கார். சீட்டை ரெண்டு தடவை படிக்கிறவர் இப்ப நாலு தடவை படிக்கிறார். சரி, நானே படிச்சுட்டுக் கதையைச் சொல்லலாம்னு எடுத்தா எனக்கும் தலையும் புரியல, வாலும் புரியல. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. மேல போறது, கீழ வர்றது... எனக்குத் தெரிஞ்சது ரெண்டே கதைதான்."

இப்போது சொல்லிவிட வேண்டும். 'தப்பு என்னோடது.' இரண்டே சொற்கள். மழைகூட ஒரு நொடி குறைந்து வழிவிட்டது.

அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"சில சமயம் இந்தக் கருவியில ஃபைல் சரியா உக்காராது. எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும். ஒரு நாள் குடுத்தீங்கன்னா பார்த்துத் தரேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "முன்னப்பின்ன தெரியாதவங்க. வாங்கிட்டு ஓடிட்டா?"

"இந்த மழையில எங்கங்க ஓடுறது?"

"அதுவும் சரி." ஈ-ரீடரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நீட்டினான். "ஓடுறதா இருந்தாலும், முடிவு என்னன்னு சொல்லிட்டு ஓடுங்க."

மறுநாள் காலை, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த ஃபைலைத் திறந்தாள். சந்தேகப்பட்டது சரிதான். நாலாவது கட்டை ஸ்கேன் செய்தபோது இயந்திரத்தில் தாள் சிக்கிக் கிழிந்தது. ஒட்டி, காய வைத்து, ஐந்தாவது கட்டு முடிந்த பிறகு அதை மறுபடி ஓட்டினாள். அவள் எண் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும். கணினி நேரம் பார்த்துச் சேர்த்துவிட்டது. பின்னால் வந்த நாலு, ஐந்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராவது செய்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே குட்டு உடைந்திருக்கும். கட்டு பிரிக்கும் இடத்தில் வாக்கியம் பாதியில் நிற்கும், அடுத்தது ஒட்டாது. ஆனால் பூதக்கண்ணாடிக்கு ஒரு பழக்கம் உண்டு. அத்தியாயம் முடியும் இடம் பார்த்துத்தான் கட்டு பிரிப்பாள். அந்த நாவலின் அத்தியாயங்களுக்கு எண்ணும் கிடையாது, தலைப்பும் கிடையாது. ஒரு சின்ன நட்சத்திரம் மட்டும். அவளுடைய சுத்தமே அவளுடைய தப்புக்கு மெழுகு பூசி மறைத்துவிட்டது.

"என்ன பூதக்கண்ணாடி, முகத்துல ஈயாடல?" முன்னறையிலிருந்து கவுண்ட்டர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அக்காவின் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். திரும்பி வந்த ஃபைல்களை எழுதி வைக்கும் நோட்டு. ஆளுக்கொரு பக்கம். தப்பு தெரிந்தால் அதில் எழுதிவிட்டு, கொடுத்தவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் அங்கே முறை. அவளுடைய பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. நான்கு வருடத்து வெள்ளை...

எட்டு நிமிடத்தில் கட்டுகளை மாற்றிப் புது ஃபைல் செய்தாள். ஈ-ரீடரில் பழையதை அழித்துப் புதியதை ஏற்றினாள். நோட்டின் பக்கம் போகவில்லை.

"சரியாயிடுச்சு," என்றாள் சாயங்காலம் நிறுத்தத்தில். "அப்பாவைப் பாதியில இருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்க."

"என்ன கோளாறு அதுல?"

"ஃபைல்ல ஒரு சின்னச் சிக்கல்."

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறீங்களே! 'உள்ள ஒரு சின்னச் சிக்கல் சார், சரி பண்ணியாச்சு'... இதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்!"

அவள் சிரித்துச் சமாளித்தாள். அன்று அவனுடைய பேருந்து வந்தது. அவன் ஏறவில்லை. அடுத்தது வந்தது. அதிலும் ஏறவில்லை.

அதன் பிறகு மழைக்கும் அவர்களுக்கும் ஏதோ ஒப்பந்தம் போல. சரியாக ஐந்தரைக்குத் தூற ஆரம்பிக்கும். சில நாள் கொட்டும், சில நாள் வெறுமனே காற்றில் ஈரமாக மிதக்கும். அவள் படித்த நாவல்களின் கதையெல்லாம் சொல்வாள். கடலோர விடுதியில் யாருக்கோ காத்திருக்கும் பெண்கள், ரயிலில் ஒரே ஒரு முறை பார்த்தவளை முப்பது வருடம் தேடும் வைத்தியர்கள்... அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பான்.

"முப்பது வருஷமா? அட்ரஸ் கேட்டு வச்சிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா கதையே இல்லையே!"

"நிம்மதியா இருந்திருப்பார்ல?"

அவன் லிஃப்ட் கதை சொல்வான். மூன்றாவது மாடிக்காரரும் ஐந்தாவது மாடிக்காரரும் பேச்சுவார்த்தை இல்லாமல், ஒரே லிஃப்டில் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு பதினோரு வருடம் போய் வந்த கதை. ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய், நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் இருவரும் தரையில் உட்கார்ந்து ஒருவர் பேரனின் படத்தை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"நீங்கதான் நிறுத்தினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தொழில் ரகசியம்," என்றான். அந்தக் கண்கள்... உதடு எதை மறைத்தாலும் அதைப் போய்ச் சொல்லிவிட்டு வரும் கண்கள். அந்தக் கண்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, முழுப் பூசணிக்காயை மறைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

'உங்களுக்கு எங்க வேலை?' என்று கேட்டால், 'அந்தப் பக்கம்' என்று ஏதோ ஒரு திசையைக் காட்டினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு தப்பைச் சொல்லியிருக்கலாம். இப்போது இரண்டு சொல்ல வேண்டும், செய்ததும் மறைத்ததும். நாளாக ஆக, இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது.

பத்தொன்பதாவது நாள் புதன்கிழமை. அவன் வந்தபோது கண்களில் ஒன்றுமே இல்லை.

"அப்பா கடையைக் கைமாத்தப் போறாருங்க. வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"ஏன்? திடீர்னு என்ன?"

"நேத்து அந்தப் புத்தகத்தை முடிச்சார். மூடி வச்சார். அப்புறம் மெதுவா சொன்னார்... 'அந்த ஆள் மகள் கல்யாணத்துல ஆடிட்டு அதுக்கு அப்புறம்தான்டா செத்திருக்கார். என் மண்டையில தலைகீழா இருக்கு. சாவு முன்னால, ஆட்டம் பின்னால. மூணு வாரம் முன்னாடி படிச்சதையே புரட்டிப் போட்டு வச்சிருக்கிற மண்டையை நம்பி, நான் எப்படி ஒருத்தருக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறது?' அப்படீன்னார்."

சத்தமில்லாமல் சரி செய்துவிட்டதாக நினைத்தாளே! அவள் சரி செய்ததுதான் அந்த மனிதரைச் சாய்த்திருக்கிறது. பழைய ஃபைலோடு விட்டிருந்தால்கூட 'கதை புரியவில்லை' என்று மூடி வைத்திருப்பார்.

"நீங்களும்தானே படிச்சீங்க? சொல்லலையா?"

"சொன்னேங்க. எனக்கும் அப்படித்தான் ஞாபகம்னு சொன்னேன். 'அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றியா'ன்னு தலையைத் தடவிக் குடுத்தார். அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னதும் நான் தப்பாப் படிச்சதோ என்னவோ..." அவன் அவள் பக்கம் திரும்பினான். "நீங்கதானே ஃபைலைப் பார்த்தீங்க. சிக்கல்னு சொன்னீங்களே, எழுத்து ஏதாவது சரியில்லாம இருந்திருக்கும். கதை முன்ன பின்ன மாறுமா என்ன?"

கூரையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் பதிலுக்குக் காத்திருந்தான்... அவள் சொல்வதை அப்படியே நம்பப்போகிற முகத்தோடு.

"தெரியலையே..." என்றாள் அவள்.

பேருந்து வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது அவளுடைய பேருந்தே இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் ஒரு பக்கம்கூட வேலை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை காலை கவுண்ட்டர் அக்கா முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஃபைல், நிறுத்தம், கண்கள், கடை... ஒன்று விடாமல்.

அக்கா கன்னத்தில் கை வைத்தபடி கேட்டாள். பிறகு நோட்டை எடுத்து, அந்த வெள்ளைப் பக்கத்தைப் பிரித்து, பேனாவை மூடி கழற்றி நீட்டினாள்.

"முதல்ல இதுல எழுது. உன் பக்கம் சுத்தமா இருக்கேன்னு எனக்கு எத்தனை நாளா வயித்தெரிச்சல் தெரியுமாடி? இன்னிக்குத்தான் குளிர்ந்துச்சு. எழுதிட்டு ஓடு. கையெழுத்துப் போட்டுறப் போறார் மனுஷன்."

ரசீதில் இருந்த முகவரிப்படி, மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி ஒரு மூலையில் இருந்தது. கண்ணாடிக் கதவு, கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய சீட்டு. கல்லாவுக்குப் பின்னால் வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெரியவர், இருக்கும் மருந்துகளுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடி. அதே அவசரக் கண்கள். ஆனால் அவசரம் எல்லாம் வடிந்துபோன கண்கள். ஏணி மேல் நின்று மேல்தட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான் அவன்.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா? இங்க எப்படி..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு வராது.

"சார், உங்க புத்தகத்தை மின்நூலா மாத்தினது நான்தான். உங்க மேல தப்பே இல்ல சார். நான்தான் நாலாவது பகுதியையும் அஞ்சாவது பகுதியையும் இடம் மாத்திச் சேர்த்துட்டேன். அப்புறம் தெரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லாமச் சரி பண்ணி வச்சுட்டேன். நீங்க முதல்ல படிச்சது வேற, ரெண்டாவது படிச்சது வேற. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதுதான் சார் சரி."

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவன் சொல்லிக் குடுத்து வந்தியாம்மா?"

"ஐயோ, அவருக்குத் தெரியாது சார்."

பெரியவர் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். ஏணியில் நின்றவன் பெட்டியைப் பிடித்த கையோடு உறைந்திருந்தான். அந்த முகத்தில் நடிப்புக்கு இடமில்லை.

அவள் கையோடு கொண்டுவந்த மடிக்கணினியைத் திறந்தாள். ஸ்கேன் செய்த படங்கள், மூலையில் பக்க எண்ணோடு. முதல் ஃபைல், அதன் தேதி. இரண்டாவது ஃபைல், அதன் தேதி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"இது அன்னிக்குக் குடுத்தது?"

"ஆமா சார்."

"இது அப்புறம் மாத்தினது?"

"ஆமா சார்."

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். இப்போது நாலு தடவை இல்லை, இரண்டே தடவை.

"அப்போ நான் படிச்சப்போ அந்த ஆள் செத்துட்டுத்தான் ஆடினார்!"

"ஆமா சார்... என்னாலதான் ஆடினார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, மேலங்கிப் பொத்தான் அதிர, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"எத்தனை நாளாத் தெரியும்மா உனக்கு?"

"இருபத்தோரு நாள் சார்."

"மருந்து மாறிப் போச்சுன்னா நான் கடையைத் திறந்து போட்டுட்டு ஓடுவேன்மா. ஒரு தடவை செருப்புகூட இல்லாம மூணு தெரு ஓடியிருக்கேன். இருபத்தோரு நாள்ல ஆளே போயிடும்." குரலை உயர்த்தவே இல்லை. பட்டியலை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, தொலைபேசியை எடுத்தார். "யாரு, நான்தான். இல்ல, இன்னிக்கு வர வேண்டாம். எப்போ வரணுமா? ஒரு பதினஞ்சு வருஷம் கழிச்சு ஞாபகப்படுத்துங்க..."

ஏணியிலிருந்து அவன் இறங்கி வந்தான். மெதுவாக, ஒவ்வொரு படியாக.

"புதன்கிழமை நான் உங்ககிட்டதானே கேட்டேன்," என்றான். "தெரியலையேன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான். கத்தவில்லை. பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மழை நின்றுவிட்டது. அடுத்த ஆறு நாளும் வெயில். நிறுத்தத்தில் ஆறு பேருக்கான இடத்தில் மூன்று பேர் நின்றார்கள். நான்காவதாக யாரும் வரவில்லை. எதிர்பார்க்கக் கூடாது என்று கண்ணுக்குச் சொன்னாள். கண் கேட்கவில்லை. அவனுடையதைப் போல வருகிற ஒவ்வொரு நீலச் சட்டைக்கும் ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

ஏழாவது நாள் காலை, முன்னறையில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் மருந்துக்கடைக்காரர்! கையில் தடியாக ஒரு புத்தகம்.

"இதுவும் அவ அலமாரியில இருந்ததுதான்மா," என்றார் அவளைப் பார்த்து. "இதுல யாரும் சாக மாட்டாங்கன்னு பின்னட்டையில எழுதியிருக்கு. எதுக்கும் நீயே வரிசை பார்த்துக் குடு. வேற யாரும் தொட வேண்டாம்."

"சார்... மறுபடியும் என்கிட்டயா?"

"ஒரு தடவை தப்பு பண்ணினவங்க ரெண்டு தடவை பார்ப்பாங்க. நான் அப்படித்தான்." புறப்படப் போனவர் வாசலில் நின்றார். "எதிர் வரிசையில ஆறு மாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க லிஃப்ட் ஓடலையாம். காலையில இருந்து ஒருத்தன் அதுக்குள்ளயேதான் கிடக்கான். வீட்டுலயும் அப்படித்தான், கேட்டா பதில் கிடையாது. நான் ஒண்ணும் சொல்லலம்மா. சும்மா தகவல்."

கவுண்ட்டர் அக்கா நிமிராமலே சொன்னாள். "போடி. உன் ஸ்கேனரை நான் பார்த்துக்கிறேன்."

மாடி மாடியாகப் படியேறித் தேடினாள். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு பாதி திறந்து, குறுக்கே ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், கீழே லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து அவன் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"லிஃப்ட் மதியத்துக்கு மேலதாங்க," என்றான் நிமிராமல்.

"நான் லிஃப்டுக்கு வரல."

முறுக்கும் சத்தம் நின்றது. வெளிச்சம் அசையவில்லை.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இருட்டைப் பார்த்துப் பேசுவது எளிதாகத்தான் இருந்தது. "முதல் நாள் நான் சொல்லாததுக்குக் காரணம் திமிருங்க. நாலு வருஷமா என் ஃபைல் திரும்பி வந்ததில்லைங்கிற திமிர். ஆனா ரெண்டாவது வாரம் சொல்லாததுக்கு அது காரணமில்ல."

"பின்ன?"

"சொன்னா அப்புறம் நீங்க வர மாட்டீங்களேன்னு... அவ்வளவு பயம். புதன்கிழமைகூட அந்தப் பயம்தான். உங்க அப்பாவோட கடையைவிட எனக்கு அந்த அரைமணி நேரம் பெருசாப் போயிடுச்சு. நினைச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. அவ்வளவு... பிடிச்சிருந்துச்சு உங்களை." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பிடிச்சிருக்கு."

எங்கோ ஒரு மாடியில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம்.

"அப்பா விஷயத்துல எனக்குக் கோபம் அன்னிக்கு சாயங்காலமே போயிடுச்சுங்க," என்றான் கடைசியில். "மனுஷன் வீட்டுல விசிலடிச்சுக்கிட்டுத் திரியறார். எப்படிக் கோபமா இருக்கிறது?"

"அப்புறம் ஏன் வரல?"

"அது வேற கோபம். அத்தனை நாள் பக்கத்துல நின்னேன். நீங்க என்னைத் தாண்டிப் போய் அப்பாகிட்ட சொன்னீங்க. அப்போ நான் யாரு? ஏணியில நின்னு வேடிக்கை பார்க்கிறவனா?"

"பாதிக்கப்பட்டவர் அவர்தானே... அவர்கிட்ட முதல்ல சொல்றதுதானே சரி?"

"சரிதாங்க. சரின்னு தெரியறதாலதான் இன்னும் கோபம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெளிச்சம் மெல்ல மேலே திரும்பியது. கன்னமெல்லாம் கறுப்பு மசி. நடுவில் அந்தக் கண்கள், மறுபடியும் அவசர அவசரமாக.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றான் தணிந்த குரலில். "நேத்து அந்தப் புத்தகத்தைச் சரியான வரிசையில படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு உங்க வரிசைதாங்க பிடிச்சிருக்கு. புதைச்சதுக்கு அப்புறமும் அந்த ஆள் எழுந்து வந்து ஆடினார் பாருங்க... அம்மா போனதுல இருந்து எந்தப் புத்தகமும் எனக்கு அப்படி ஒரு பக்கத்தைக் குடுத்ததில்ல."

அவள் நாடாவைத் தாண்டிக் கையை நீட்டினாள்.

"வேண்டாம், கையெல்லாம் கிரீஸ்."

"பரவாயில்ல, வாங்க."

பிடித்துக்கொண்டு ஏறி வந்தான். வந்த பிறகும் கையை விடவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துகொண்டிருந்தன.

"ஒரு சந்தேகம்," என்றான். "இப்ப சொன்னீங்களே, பிடிச்சிருக்குன்னு... அதை முதல்ல என்கிட்டதான் சொல்றீங்களா? இல்ல இதையும் அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றீங்களா?"

"உங்ககிட்டதான். முதல்ல."

"அப்போ எனக்கும் பிடிச்சிருக்கு," என்றான் அவன்.